அம்மாவைக் கரைத்த இடம்

அப்பா கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மையைக் கரைச்ச அதே எடத்துல என்னையும் கரைச்சிருங்க." வேறு எதற்கும் எங்களைத் தொந்தரவு செய்யாத மனுஷர்.

அம்மாவின் அஸ்தியை என் அண்ணன் நாறும்பூநாதன்தான் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய், தாமிரபரணி கடலில் சேரும் முகத்தில் கரைத்தான். இடுப்பு முறிந்து படுத்திருந்த அப்பாவால் போக முடியவில்லை. பெண்பிள்ளை வரக்கூடாது என்று என்னையும் விட்டுவிட்டான். ஆனாலும் படகில் இருந்தபடியே அந்த இடத்தைச் செல்போன் வரைபடத்தில் குறித்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தான். இரண்டு வருடம், தினமும் காபி குடித்ததும் அப்பா போனைத் திறந்து, நீலத்துக்குள் நிற்கும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை அப்பாவின் அஸ்தியோடு நானும் கிளம்பினேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

படகுக்காரர் பெயர் மொராயிஸ். இந்தப் பக்கம் காயல் அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் கடல் ஓயாமல் அடித்தது. நடுவில் ஒரு மணல் திட்டு, நூறடி அகலம் இருந்தால் அதிகம். மரமில்லை, நிழலில்லை. அடம்பங்கொடி மட்டும் படர்ந்திருந்தது. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் அது எப்படித்தான் நிற்கிறதோ என்று பயமாக இருந்தது. போனைப் பார்த்து அண்ணன் வழி சொல்லிக்கொண்டே வந்தான். படகு மணலில் தட்டி நின்றது.

"இன்னும் இருநூறு அடி போவணும்" என்றான்.

இறங்கித் திட்டின் நீளவாக்கில் நடந்தோம். புள்ளி காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லை. காய்ந்த மணல், நண்டு வளை. போனில் மட்டும் இன்னும் நீலம்.

"இங்கனதானே கரைச்சேன்!" அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்க வந்துட்டுப் போனதும் பெஞ்ச மழையிலேயே ஆத்து முகம் வடக்க தள்ளிப் போயிட்டு அண்ணாச்சி" என்றார் மொராயிஸ். "திட்டு வளந்து இங்கன மூடிட்டு."

"அப்ப வடக்கயே போயிருவோம். தண்ணி ஒண்ணுதானே?" என்றான் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா தண்ணியவா கேட்டாவ? எடத்தையில்லா கேட்டாவ!"

அப்படியே உட்கார்ந்து கையால் மணலைப் பறித்தேன். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு அவ்வளவாக இல்லை. ஆற்றுத் தண்ணீர்.

"ஓடாத தண்ணியில கரைக்கக்கூடாது, ஏட்டி" என்றான் அண்ணன்.

"திட்டுலயே இதான் ஒடுக்கமான எடம்" என்றார் மொராயிஸ். "பெருவெள்ளம் வந்தா இங்கனதான் உடைக்கும். என்னைக்குன்னு யாரு கண்டா?"

அண்ணன் கையிலிருந்த அஸ்திக் கலயத்தை மணலில் வைத்தான். பிறகு மண்டியிட்டு என்னோடு சேர்ந்து பறித்தான். கலயத்தின் சிவப்புத் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். "நீயே போடு."

போட்டேன். கொண்டுவந்த பாலை ஊற்றினோம். மணல் தானாகவே சரிந்து குழியை மூடியது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பாபநாசம் அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள். கரையோரத் தெருக்களில் இருந்தவர்கள் சாமான்களோடு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஊரே மழை நிற்க வேண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் நிற்கக்கூடாதென்று நினைத்தேன். பாவம்தான். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மொராயிஸ் போனில் கூப்பிட்டார். "திட்டு உடைஞ்சிட்டுக்கா. அதே எடந்தான்."

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்பா அம்மைகிட்ட போயிட்டாவளாட்டி?" என்றான்.

"போயிட்டாவண்ணே."

அப்பா செத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய போனைத் திறந்தேன். அந்தப் புள்ளி நீலத்துக்குள் நின்றது. இன்றைக்கு அங்கே தண்ணீர்தான்.