பதினோரு கோப்பையும் ஒரு பீரோவும்

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றினால் பாரம் முழுக்கக் கீழே பிடிப்பவன் தலையில்தான். கீழே பிடித்தவன் நான். மேலே பிடித்துக்கொண்டு வாயடித்தவன் என் தங்கை புருஷன்.

“உங்க ஃபுட்பால் கிளப்பு கடைசியா கோப்பை வாங்கினப்போ நீங்க பொறக்கவே இல்லையே, மச்சான்.”

“மொத்தம் பதினோரு கோப்பை, மாப்ளே. உங்க கிளப்பு ரெண்டு வாங்கிட்டு இந்த ஆட்டம் ஆடுது.”

“பழம்பெருமை சோறு போடுமா?”

ஒவ்வொரு திருப்பத்திலும் பீரோவை இறக்கி வைத்துச் சண்டை போட்டோம். கோப்பைகளை விரல்விட்டு எண்ணக் கை வேண்டாமா? நாலாவது மாடியில் கதவைத் தட்டினால், முன்பின் தெரியாத ஆள் திறக்கிறார். பீரோவுக்குச் சொந்தக்கார அம்மா இரண்டாவது மாடியிலிருந்து கத்தினார்.

“இந்த வீடுதான்னு எத்தனை தடவ கூப்பிடறது? காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?”

இறக்கும்போது மாப்பிள்ளையைக் கீழே பிடிக்கச் சொன்னேன். பாரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் ஓயவில்லை.

“இருந்தாலும் மச்சான், போன வருஷம் கோப்பை யாருது?”

கையை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. பாழாய்ப்போனவன், தங்கை புருஷனாகப் போய்விட்டான். இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.