கட்டிலுக்கு மேலே இருபத்து நாலு

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஹேமிஷ் பரணிலிருந்து பதினொரு மூட்டைகளை இறக்கிவிட்டான். எல்லாம் குளிர் தாங்க விரித்து, தண்ணீர் குடித்துக் கறுத்துப்போன பழைய கண்ணாடிப் பஞ்சு. கை முழுக்க அரித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் கூரைத் தகரத்தில் ஓர் ஆணி கழன்றபோதே மனைவி ஜோசலின் அதைக் காட்டினாள். "அதெல்லாம் சரியாயிடும்" என்றான் அவன். நியூசிலாந்தின் டனீடன் ஊர்க்காரர்கள் கார் நின்றாலும் கால் உடைந்தாலும் சொல்வது அதைத்தான். ஆணி சரியாகவில்லை. பிறகு ஜோசலினும் மகளோடு பிரிந்து போய்விட்டாள். மே மாதம் இங்கே தங்க வந்த மகள் ஃப்ளோராவுக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியது. ஏழு வயதுக் குழந்தை. அவள் கட்டிலுக்கு மேலே உட்கூரையில் படர்ந்திருந்த பூஞ்சையைப் பார்த்த ஜோசலின், "வீட்டைக் காய வை. அப்புறம் அனுப்புறேன்" என்று சொல்லி மகளைக் கூட்டிப் போனாள்.

ஒன்பது வாரம் ஆகிவிட்டது. நாளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரமே தகரத்தை மாற்றியாயிற்று. கூடத்தில், பஞ்சுக்குப் பதிலாகப் பரணில் விரிக்க, ஆட்டுக் கம்பளிப் பாளங்கள் பதினாலு கட்டு காத்திருந்தன. அரிப்பு கிடையாது, மருந்து நெடி கிடையாது, லேசான ஆட்டு வாசனை மட்டும். விரிப்பதுதான் பாக்கி.

கம்பளியைக் கொண்டுவந்த கடைக்காரி நைரி ஏணியில் ஏறி, பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் உத்தரத்தில் குத்தினாள்.

"என்ன ராசா, மரமா இது? டீயில முக்குன பிஸ்கட்டா?"

"எவ்வளவு காட்டுது?"

"இருபத்திரண்டு சதவீதம். பதினெட்டுக்குக் கீழ வர்ற வரைக்கும் ஒரு பாளம் விரிக்கக் கூடாது."

"கம்பளி ஈரத்தைக் குடிச்சுக்கும்னு நீதானே சொன்ன?"

"காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், திருப்பி விட்டுடும். ஊறின மரத்தைப் போத்தி மூடுனா உள்ளேயே புழுங்கும். நனைஞ்ச ஆடு உதறிக்கும். உன் வீடு உதறிக்குமா?"

"நாளைக்குப் பொண்ணு வர்றா, நைரி. விரிச்சுட்டா சரியாயிடும். பரண்ல ஏறி யாரு பாக்கப் போறா?"

நைரி சிரிக்கவில்லை. "இந்த ஊர்ல பாதிக் கூரை அப்படித்தான் அழுகுது. பகல்ல ஜன்னலைத் திறந்து வை, விசிறி போடு. பத்து நாள் ஆகும். மானி உங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் வண்டி இறக்கத்தில் மறைந்ததும் ஹேமிஷ் ஒரே ஒரு பாளத்தை மேலே கொண்டுபோய் விரித்தான். வெள்ளையாக, அழகாகப் பொருந்தியது. இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். பக்கத்து உத்தரங்களில் குத்திப் பார்த்தான். இருபத்தொன்று. இருபத்து மூன்று. எங்கேயாவது பதினேழு கிடைக்காதா என்று ஊர்ந்துகொண்டே போனான். ஃப்ளோராவின் கட்டிலுக்கு நேர்மேலே இருபத்து நாலு.

விரித்த பாளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஜோசலினைப் போனில் கூப்பிட்டான்.

"இந்த வாரம் அனுப்பாத. மரம் காயல. பத்து நாள் ஆகும்."

"ஹேமிஷ்தானா பேசுறது?" என்றாள் ஜோசலின். அதில் கேலி பாதிதான். "இரு, அவகிட்ட நீயே சொல்லு."

"அப்பா, நான் பை அடுக்கிட்டேனே!"

"தெரியும்டா. வீடு இன்னும் ஈரமா இருக்கு."

"சரியாயிடுமா?"

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"உன் கட்டிலுக்கு மேல இருபத்து நாலு காட்டுது. பதினெட்டுக்குக் கீழ வரணும். தினமும் போன்ல நம்பர் சொல்றேன். எழுதி வெச்சுக்கிறியா?"

"காலண்டர்லயா?"

"காலண்டர்லதான்."

பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. "இருபத்து நாலு," என்று எழுத்துக் கூட்டுவதுபோல் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹேமிஷ் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டான். நடுக்குளிர்கால ஜூலைக் காற்று நேராக உள்ளே வந்தது. அவளுக்காக வாங்கிய ஆறு சீஸ் ரொட்டிச் சுருள்களில் இரண்டைச் சுட்டு, கோட்டைக் கழற்றாமலே மேஜை முன் உட்கார்ந்து தின்றான். மேலே பரணில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.