பிராணன் போய்க் குடை வந்த கதை

எங்கள் பஸ் டிப்போ நாடகத்துக்குக் கதை, வசனம், இயக்கம் எல்லாமே டைம் கீப்பர்தான். 'கலைக்கடல்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, ஏற்புரையும் ஆற்றியவர்.

கதாநாயகி, பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் அக்கா. பதினெட்டு வருடமாக ஊரே அவர் குரலைக் கேட்கிறது. முகத்தைப் பார்த்தவர் இல்லை. ஒரு தடவையாவது நாலு பேர் முகம் பார்க்கப் பேசிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கணவன் பெட்டியோடு வீட்டை விட்டுப் புறப்படும் காட்சி. மனைவிக்கு வசனம்: "பிரியாதீர் நாதா! நீர் பிரிந்தால் என் பிராணனும் பிரியும்!"

அக்கா அதைச் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு, பதற்றமே இல்லாமல் சொன்னார். தொழில் பழக்கம், இரண்டு முறை சொன்னார்.

"ஏம்மா, போறது புருஷன். ஆறரை மணி பஸ் இல்ல. அடிவயித்துலேருந்து வரணும்" என்ற கலைக்கடல், தாமே அலறிக் காட்டினார். கேன்டீன்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார்.

"நாளைக்கும் இப்படித்தான்னா, வேஷம் என் மச்சினிச்சிக்கு."

மறுநாள் மச்சினிச்சியும் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கேட்டார்: "சார், இந்தப் பிராணன் என் வாயில நிக்க மாட்டேங்குது. வீட்டுல பேசுற மாதிரி ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?"

"சொல்லு. அதையும் கேட்டுத் தொலைக்கிறோம்."

கணவன் வேஷம் போட்ட டிரைவர் பெட்டியைத் தூக்கினார். அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. அதே அறிவிப்புக் குரல்.

"குடை எடுத்துக்கங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

கொஞ்சம் நிறுத்தினார்.

"குடை எடுத்துக்கங்க."

இரண்டாவது தடவை குரல் பாதியாக இறங்கியிருந்தது. அவ்வளவுதான். வாசல்வரை போன டிரைவர் திரும்பி வந்து பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், கிளம்புய்யா. நீ போனாத்தானே அடுத்த சீன்?"

"இப்படிச் சொன்னா எப்படி சார் போறது? நீங்க எழுதினதைச் சொல்லச் சொல்லுங்க, ஓடியே போயிடறேன்."

மச்சினிச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாமா, எனக்கு வேஷம் வேணாம். முன்வரிசையில ஒரு சீட்டு போதும்."

கலைக்கடல் நோட்டில் பிராணனை அடித்துவிட்டுக் குடையை எழுதினார். "இதைத்தான் நான் நேத்துலேருந்து சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாடகத்தன்று அக்கா வாயைத் திறந்ததும், நாலாவது வரிசையில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் மேடையைப் பார்த்தார்.

"அடடே, இவங்கதானா அது?"

அரங்கமே எட்டிப் பார்த்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். அக்கா ஓரடி முன்னால் வந்து, விளக்கு வெளிச்சத்தில் நன்றாக நின்றுகொண்டார். நாதன் பெட்டியோடு காத்திருந்தார்.