வடிந்த கால்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவின்றிக் கிடந்த கணவரின் இடது காலுக்குச் சாக்ஸ் மாட்டியாகிவிட்டது. வலது கால் பாக்கி. போன மாதம்வரை பூசணிக்காய் மாதிரி இருந்த கால்கள், செருப்புகூட நுழையாது. இப்போது குச்சி. வீக்கம் வடிந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், நேற்று மாலை அவர் குளியலறை வாசலில் சரிந்து விழும்வரை.

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள்.

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கீழ போயிருந்திருக்கு. இதயம் கொஞ்ச நேரம் நின்னதே அதனாலதான். வாந்தி, வயித்துப்போக்கு இருந்துதா?"

மகன் அம்மாவைப் பார்த்தான். இல்லையென்று தலையசைத்தாள்.

"சாப்பாடு?"

"பாதியை அப்படியே வச்சிடுவார்," என்றாள் அவள்.

"நீர் மாத்திரை எத்தனை போட்டார்? அது தண்ணியோட பொட்டாசியத்தையும் வெளிய தள்ளிடும்."

"தினம் ஒண்ணு," என்றான் மகன். "நான் போன்ல கேப்பேன். போட்டுட்டேன்டாம்பார். அதுல பொய் சொல்ல மாட்டார்."

அவள் கை நின்றது.

புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தியது மகனுக்கு மீசை முளைத்த காலத்தில். எதற்கென்று இருவருக்குமே மறந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, "குழம்புல உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடா" என்பார். அடுப்படியில் நிற்கும் அவளுக்கு நன்றாகவே கேட்கும். மகன் கூப்பிட்டுச் சொல்லும்வரை உப்பு டப்பாவைத் தொடமாட்டாள்.

"அப்பா மாத்திரை போடுறாரான்னு பாத்துக்கம்மா" என்று அவளிடமும் சொல்லியிருந்தான். பார்த்துக்கொள்வதென்றால் கேட்க வேண்டும். போட்டீங்களா. ஒரே வார்த்தை. அதற்குப் பதில் மருந்துக்கடையில் அதே மாத்திரையில் தனியாக ஓர் அட்டை வாங்கிவந்து, தினமும் ஒன்றைக் கரண்டியால் நசுக்கி அவர் காலைப் பாலில் கலந்தாள். அவர் சுவரைப் பிடித்து நடந்தபோது வயசாகிறது என்று நினைத்தாள்.

"வேற யாராவது எடுத்துக் கொடுத்தீங்களா? நீங்க?" நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவா?" மகன் முந்திக்கொண்டான். "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது சிஸ்டர்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

நர்ஸ் போய்விட்டாள். திரை ஆடி ஓய்ந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

"என்னம்மா?"

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு மகனை.

"சாக்ஸ் தொளதொளன்னு இருக்கு," என்றாள்.

வலது காலிலும் மாட்டி முழங்கால்வரை இழுத்துவிட்டாள். அது வழிந்து கணுக்காலில் வந்து உட்கார்ந்தது. மறுபடியும் இழுத்தாள்.