கழற்றிக்கொண்டு வந்த கொக்கி

லொறி விசயத்தில் மார்கிறட் கட்டின புருசனையே நம்பமாட்டாள். பிறகு செந்தூரனையா நம்பப்போகிறாள்?

ஏலத்தில் எடுத்த பழைய ஆமி லொறி அது. கூடவே சில்லுப் பூட்டின ஒரு இரும்புப் பெட்டி, பின்னால் கொழுவி இழுக்கிறதற்கு. அந்தக் காலத்தில் அதில் என்னத்தை ஏற்றினார்களோ, இப்போது முல்லைத்தீவுக் கரையில் வள்ளமும் வலையும் ஏற்றித் திரிகிறது. எவ்வளவு பாரத்தையும் இழுக்கும். ஆனால் ஒரு சாமான் பழுதானால் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதே மாதிரி இன்னொரு லொறியில் இருந்துதான் கழற்ற வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி இன்னொன்று இருந்தது. அது யாருடையது? இதைத் திருத்துகிற செந்தூரனுடையது! நல்ல கூத்து.

"அவன்ர லொறி மட்டும் எப்பிடியப்பா நோய்நொடி இல்லாமல் ஓடுது?" என்று புருசன் கொன்ஸ்ரன்ரைனைக் குடைந்துகொண்டே இருப்பாள். "எங்கட நல்ல சாமான் எல்லாம் அங்க போகுது, அவன்ர ஓட்டை ஒடிசல் எல்லாம் இஞ்ச வருது. நீங்கள் ஆவெண்டு பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

அவள் சும்மா சந்தேகப்படவும் இல்லை. போன வருசம் லொறியின் ஜாக்கி காணாமல் போய், செந்தூரனின் கராச்சில் கிடந்தது. பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், கோயில் வளவில் வைத்தே "கள்ளன்" என்று கத்திவிட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகும் லொறியை அவனிடம்தான் விட வேண்டியிருந்தது, வேறு ஆள் இல்லை. ஆகவே மார்கிறட் ஒரு வேலை செய்தாள். மகள் நகத்துக்குப் பூசுகிற சிவப்பு கியூட்டெக்ஸை எடுத்து, லொறியில் கழற்றக்கூடிய சாமான் எல்லாவற்றிலும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒவ்வொரு பொட்டு வைத்தாள். ஒருவருக்கும் மூச்சுக் காட்டவில்லை.

பருவம் மாறி, வள்ளத்தை மேற்குக் கரையில் இருக்கிற நாச்சிக்குடாவுக்குக் கொண்டுபோகிற நாள் வந்தது. அதற்கு முதல் வாரம்தான் லொறி பிறேக் பார்க்கச் செந்தூரனிடம் போய் வந்திருந்தது. புறப்படுகிற அன்று காலை மார்கிறட் லொறியைச் சுற்றிக் குனிந்து குனிந்து பொட்டுகளைத் தேடினாள். எல்லாம் சரியாக இருந்தன. பின்பக்கம் போனாள். பெட்டியைக் கொழுவுகிற கொக்கியில் பொட்டு இல்லை. கிறீஸைத் துடைத்துப் பார்த்தாள், இல்லவே இல்லை.

"பாத்தீங்களே! நான் சொன்னா விசரி எண்டுவீங்கள். எடுங்கோ லொறியை!"

கராச்சில் செந்தூரன் இல்லை. வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தான். அவனுடைய லொறி வேம்புக்குக் கீழே நின்றது. மார்கிறட் நேரே அதன் பின்னால் போய்க் குனிந்தாள். கொக்கியில் சிவப்புப் பொட்டு! நெஞ்சு கொதித்தது. பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமும் வந்தது. இவ்வளவு நாளும் சொன்னது சரியாகிவிட்டதே.

செந்தூரனின் மனைவி சுதாஜினி ஓடி வந்தாள். "அன்ரி, அவர் வரட்டும். காரணமில்லாமல் மாத்தியிருக்கமாட்டார். எடுத்துப் பாத்தன், பஸ்ஸுக்க போல, போன் தூக்கிறாரில்லை."

"காரணம் எனக்குத் தெரியும், பிள்ளை."

கொன்ஸ்ரன்ரைன் தலையைச் சொறிந்தார். "ஆள் வந்தாப் பிறகு கேப்பமே?"

"வந்து இன்னொரு கதை அளப்பான். கழட்டுங்கோ!"

அவர் கழற்றினார். தங்கள் லொறியில் இருந்த கொக்கியையும் கழற்றுவித்து, அதைச் சுதாஜினியின் காலடியில் போட்டாள் மார்கிறட். அடுத்தவன் சாமான் அவளுக்கு வேண்டாம். அந்த விசயத்தில் அவளைக் குறை சொல்ல ஏலாது.

பொட்டு வைத்த கொக்கி பூட்டியாயிற்று. வள்ளத்தைப் பெட்டியில் ஏற்றிக் கட்டினார்கள். வள்ளம் ஏற்றிப் போகும்போது ஓர் ஆள் வள்ளத்துக்குள்ளேயே இருந்து போவது அவர்களின் வழக்கம். கயிறு இளகினால் உடனே இறுக்க வேண்டுமே. கொன்ஸ்ரன்ரைன் லொறியை ஓட்ட, மகன் டினோஜன் வள்ளத்தில் ஏறி முன்பக்கத்து அணியத்தில் இருந்தான். அவனுக்கும் அவள் புத்தி சொல்லித்தான் அனுப்பினாள்.

"செந்தூரன் ஏதும் கதை விடுவான். காதில வாங்காதை, என்ன?"

"ஓமம்மா, ஓம்."

லொறி முள்ளியவளையைத் தாண்டியிருக்கும், வீட்டில் நின்ற மார்கிறட்டுக்குச் செந்தூரன் போன் எடுத்தான்.

"அன்ரி, சுதாஜினி இப்பதான் சொன்னவள். லொறி எங்க?"

"அது போட்டுது. எங்கட சொந்தச் சாமானோட போட்டுது."

"ஐயோ அன்ரி, அந்தக் கொக்கி வெடிச்சது! பெட்டியின்ர வளையம் உரசுற உள்பக்கம், கிறீஸுக்குள்ள கீறல் ஓடியிருக்கு. பாரத்தோட பள்ளத்தில விழுந்தா முறிஞ்சிடும். அதுதான் என்ர நல்ல கொக்கியை உங்களுக்குப் பூட்டினனான். நான் பெட்டி இழுக்கிறேல்லைத்தானே."

"அதை ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களே? திரும்பவும் கோயில் வளவில வைச்சுக் கத்தியிருப்பீங்கள். ஓம் அன்ரி, ஜாக்கியை எடுத்தது நான்தான். ஆனா இது பொய்யில்லை. நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

ஜாக்கியை எடுத்தேன் என்று அவன் தன் வாயால் சொன்னதுதான் மார்கிறட்டை உலுக்கியது. ஏமாற்ற நினைக்கிறவன் அதை ஏன் சொல்கிறான்? கொன்ஸ்ரன்ரைனுக்கு எடுத்தாள். அந்த லொறி இரைச்சலில் அவருக்கு எந்தக் காலத்தில் போன் கேட்டது? டினோஜனுக்கு எடுத்தாள்.

"டினோ, அப்பாவைக் கூப்பிட்டு நிப்பாட்டு! கொக்கி வெடிச்சிருக்காம். நீ பெட்டியை விட்டு இறங்கு!"

"ஆர் சொன்னது?"

"செந்தூரன்."

டினோஜன் சிரித்தான். "அம்மா, கதை விடுவான் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு நீங்களே எடுபடுறீங்களே! கொக்கியைத் திருப்பி எடுக்கப் பாக்கிறான். வையுங்கோ."

"இல்லையடா ராசா, இது உண்மை..."

அவன் வைத்துவிட்டான். திரும்பத் திரும்ப எடுத்தாள். மணி போனது, அவன் எடுக்கவில்லை. கடைசியில் செந்தூரனுக்கே எடுத்தாள்.

"தம்பி, நீ எங்க நிக்கிறாய்?"

"மாங்குளம் சந்தி, அன்ரி. இப்பதான் பஸ்ஸால இறங்கினனான்."

"அவை அதாலதான் வருவினம். றோட்டில இறங்கி மறி, ராசா. உன்னைக் கும்பிட்டன், மறி."

"மறிக்கிறன், அன்ரி. ஆனா நான் மறிச்சா நிப்பாட்டுவினமோ?"

மார்கிறட் திரும்பவும் டினோஜனுக்கு எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.