கஞ்சி போட்ட காற்று

இமெல்டாவின் முற்றத்தில் அந்த மெசினை இறக்கி வைத்தபோது ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், பாதிப்பேர் அதை மாதா சிலை வைக்கிற கூடு என்றே நினைத்தார்கள். நாலு கால், ஆள் உயரம், மேலே கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த தகர மூடி. நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மெழுகுதிரியோடு வந்தேவிட்டாள்.

"அன்ரி, இது காத்து அளக்கிற மெசின். இதுக்கு முன்னால புகை காட்டக் கூடாது" என்று மதுரன் வாசலிலேயே மறித்துக் கெஞ்சித் திருப்பி அனுப்பினான். போகும்போதும் அவள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டுதான் போனாள்.

மதுரனுக்கு வேலையே இதுதான். ஆலை, சூளை என்று புகைக்குழாய் இருக்கிற இடமெல்லாம் போய், சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு தூசு என்று அளந்து அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்க வேண்டும். குருக்கள்மடம் என்ற ஊரில் அவனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டிருக்கிறார்கள். "காத்து அளக்கிறார்" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, பெண்ணின் தகப்பன், "அளந்து முடிஞ்சதும் வரச் சொல்லுங்க" என்றாராம். இதை மதுரன் தானே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வது நல்லது பாருங்கள்.

முறைப்பாடு இமெல்டாவுடையது. கோயிலில் முதன்முறையாக நற்கருணை, அதாவது முதல்நன்மை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தைத்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் கொடியில் காயவிட்டால் பார்க்கிறவன் கண் கூசும். ஆனால் மேற்கே, வாவிக்கரையில் முகைதீன்பாவா ஹாஜியாரின் அரிசி ஆலை இருந்தது. நெல் அவிக்கும் பொயிலருக்கு அங்கே உமிதான் விறகு. மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் போதும், எரிந்த உமி கறுப்புப் பொட்டாகக் கிளம்பி வந்து, நேரே இமெல்டாவின் கொடியைத் தேடிப் பிடித்து உட்காரும். போன வருசம் ஒரு பிள்ளை நெஞ்சில் கரிப்பொட்டோடு பீடத்துக்குப் போய்விட்டது. இந்த வருசமும் அப்படி நடந்தால் சட்டையெல்லாம் மட்டக்களப்பு டவுனிலேயே தைப்பிப்போம் என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள். முதல்நன்மை வருகிற ஞாயிறு.

"வீட்டுக்குள்ள காயப்போடன்" என்றான் புருசன் பிலிப்பு. ஓட்டோ ஓட்டுகிறவன்; எல்லாவற்றுக்கும் குறுக்குப் பாதை தெரியும்.

"வெயில் படாத வெள்ளை வெள்ளையே இல்ல. நீங்க சும்மா இருங்க."

அளவு எல்லையைத் தாண்டினால் ஹாஜியார் தன் குழாய்க்குத் தூசுபிடிப்பான் பூட்டியே ஆக வேண்டும். தாண்டாவிட்டால் குழாயும் கரியும் இப்படியேதான். அதனால் மெசின் ஒரு முழு நாள் காற்றை இழுத்து முடிக்கும் வரை இமெல்டா அதைப் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப்போலப் பார்த்துக்கொண்டாள். கோழியைக் கட்டினாள். முற்றம் கூட்டவில்லை. அடுப்பைக்கூட மூட்டாமல் சோறு கடையில் எடுப்பித்தாள்.

மதுரனும் சும்மா இருக்கவில்லை. வாய் ஓயாமல் விளக்கம் கொடுத்தான். மோட்டர் எப்படிச் சுழலும், காற்று எவ்வளவு வேகத்தில் போகும், ஒரு கனமீற்றருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றெல்லாம் ஒரு மணித்தியாலம் பேசினான். உள்ளே வைக்கிற வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டி, "இது கடதாசி இல்ல அக்கா, கண்ணாடி நூல்ல செஞ்சது" என்றும் பீற்றிக்கொண்டான். இமெல்டா வாயில் கைவைத்துக் கேட்டாள். அத்தனை விளக்கத்திலும் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல மறந்துபோனான். எது அவ்வளவு முக்கியமோ அதை.

புதன்கிழமை காலை மெசின் நின்றது. தாளைக் கழற்றிப் பார்த்தால் சாம்பல் பூசிய மாதிரி, நடுவில் கறுப்பு ஓடி, அருமையான ஊத்தை. ராத்திரி முழுக்கக் காவல் இருந்த மதுரனுக்குச் சந்தோசத்தில் கண் சொருகியது. தாளை ஒரு தட்டில் வைத்துத் தையல் மேசையில் வைத்தான். இமெல்டா கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் சாப்பிட்டான். "தாளை உறைக்குள்ள போடவேணும்" என்று நினைத்தபடியே கதிரையில் சாய்ந்தான். நினைப்பு மட்டும்தான் முழித்திருந்தது.

கண் திறந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இமெல்டா முன்னால் நின்றாள், கையில் தட்டு, முகம் நிறையப் பூரிப்பு.

"தம்பி, உங்கட தாள் என்ன ஊத்தையாப் போயிற்று! எங்கட வீட்டுக்கு வந்த சாமான் ஊத்தையாத் திரும்பிப் போகலாமா? பூப்போல வெச்சு அலசினன். கண்ணாடி நூல் எண்டீங்களே, பிழியவே இல்ல."

தட்டில் தாள் இருந்தது. பால் மாதிரி வெள்ளை. நீலம் போட்டிருந்தாள். கஞ்சி போட்டிருந்தாள். ஈரத்துணி விரித்து அதற்குமேல் அயன் பண்ணியுமிருந்தாள். மதுரன் ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். 'டிங்' என்றது.

"அக்கா" என்றான் மெல்ல. "ஊத்தைதான் அளவு."

"என்ன?"

"அந்த ஊத்தையை நிறுத்துத்தான் எவ்வளவு தூசு எண்டு சொல்லுற."

"அப்ப மெசின்ல சுத்தின முள்ளு?"

"அது எவ்வளவு காத்து போச்சு எண்டு காட்டுறது."

இமெல்டா தட்டைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். மேற்கே புகைக்குழாயைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் குந்திவிட்டாள். "மாதாவே, என்ட கேஸை நானே தோய்ச்சுப்போட்டனே!"

பிலிப்பு மட்டும் தாளைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தான். அவன் மூளை குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. "தம்பி, நிறுத்துத்தானே பாக்கிற? கஞ்சி போட்டா பாரம் கூடத்தானே செய்யும்?"

மதுரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். கூடும். நன்றாகவே கூடும். இந்தத் தாளை நிறுத்தால் ஒழுங்கை முழுவதும் ஹாஜியாரின் புகைக்குழாய்க்குள்ளேயே குடியிருக்கிறது என்று கணக்கு வரும். பெரியவர்கள் கொழும்பிலிருந்தே ஓடி வருவார்கள். அவனுக்குப் பதவி உயர்வுகூடக் கிடைக்கலாம். குருக்கள்மடத்துத் தகப்பனார் தானாகவே வீடு தேடி வரலாம்.

"சொல்லாம உறைக்குள்ள போடு மனே" என்றான் பிலிப்பு.

"போடாதீங்க" என்றாள் இமெல்டா, குந்திய இடத்திலிருந்தே. "கஞ்சியக் கரி எண்டு சொல்லிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் புள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிட என்ட கை கூசும்."

மதுரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவன் அந்தத் தகப்பனாருக்குத் தேத்தண்ணியே கொடுத்து முடித்திருந்தான், மனதுக்குள்.

அந்த நேரம் பார்த்து முகைதீன்பாவா ஹாஜியார் வந்து சேர்ந்தார். கையில் இனிப்பு வட்டிலப்பம். அளவு முடிந்ததென்று கேள்விப்பட்டு, சும்மா, அயலுக்குள்ள ஒரு மரியாதைக்கு. மதுரன் அதைத் தொடக்கூடாது, சட்டம். அவன் வட்டிலப்பத்தைப் பார்க்க அது அவனைப் பார்த்தது.

ஹாஜியாரின் கண் தட்டில் விழுந்தது.

"இதா உங்கட தாள்? மாஷா அல்லாஹ்! ஒரு சொட்டுக் கரி இல்ல! நான் சொல்லல்லியா புள்ள, என்ட குழாயில வாறது வெறும் ஆவி எண்டு?"

"ஹாஜியார், அது தோய்ச்ச தாள்" என்றான் மதுரன், செத்துப்போன தன் உத்தியோகத்துக்குத் தானே கத்தம் ஓதுகிற குரலில். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான், தான் தூங்கியதையும் சேர்த்து.

ஹாஜியார் வாய் திறந்தபடி கேட்டார். கேட்டு முடிந்ததும் மனுசனுக்கு அளவும் கேஸும் மறந்தே போயிற்று. தாளைத் தூக்கி வெயிலில் பிடித்தார்.

"புள்ள, இத எப்படி இவ்வளவு வெள்ளையா எடுத்த? என்ட ஜுப்பா ஒரு நாளும் இப்படி வரல்ல. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனா மத்தவனெல்லாம் கொக்கு மாதிரி இருக்கான், நான் மட்டும் நனைஞ்ச புறா மாதிரி. சவுக்காரம் மாத்தினன், தோய்க்கிற ஆளையும் மாத்தினன்."

"எங்க காயப்போடுறீங்க?" என்றாள் இமெல்டா. தொழில் கேள்வி; வேறு நினைப்பொன்றும் இல்லாமல்தான் கேட்டாள்.

"வேற எங்க, மில்லுக்கு மேல மொட்டை மாடியில…"

சொல்லிக்கொண்டே வந்த ஹாஜியார் நின்றுவிட்டார். பிலிப்பு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். தோள் இரண்டும் குலுங்கின. கடைசியில் அடக்க ஏலாமல் 'புர்ர்' என்று வெடிக்க, இமெல்டா வெடிக்க, மதுரன் வெடிக்க, ஹாஜியாரும் தலைப்பாகையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் பழையபடி முதலாளி ஆகிவிட்டார்.

"அது மாடி. கிட்ட. இஞ்ச எவ்வளவு தூரம்! இஞ்ச வராது."

"சரி" என்றாள் இமெல்டா எழும்பி. "ஜுப்பாவக் கொண்டாங்க. நானே தோய்ச்சு எங்கட கொடியில போடுறன். தம்பி மறுகா ஒருக்கா மெசினைப் போடட்டும். ரெண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கட்டும்."

"ஒரு பொட்டு விழுந்தா நான் தூசுபிடிப்பான் பூட்டுறன். விழல்லியெண்டா நீ முறைப்பாட்டை வாபஸ் எடு."

மதுரனிடம் மிச்சமிருந்தது ஒரேயொரு தாள். மெசினும் வியாழன் பின்னேரம் திருகோணமலைக்குப் போயாக வேண்டும். தாளைப் பூட்டினான், சுவிட்சைப் போட்டான். மெசின் லொறி மாதிரி இரைந்தது. கொடியில் ஒரு பக்கம் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள், முன்பு மாதிரிக்குத் தைத்த பழைய சட்டைகள், கறை பட்டாலும் பரவாயில்லை என்று இமெல்டா ஒதுக்கி வைத்திருந்தவை. நடுவில் ஹாஜியாரின் ஜுப்பா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் வாப்பா மாதிரி.

அது உண்மையாகவே வெள்ளையாக இருந்தது. ஹாஜியார் கதிரையைப் போட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பொயிலருக்கு உமி தள்ளும் நேரம் வந்தது. கச்சான் கிளம்பியது. மேற்கே குழாய் ஒருமுறை இருமியது.

முதல் பொட்டு ஜுப்பாவின் கழுத்தில் விழுந்தது.

"அது ஈ" என்றார் ஹாஜியார்.

இரண்டாவது பையில் விழுந்தது. மூன்றாவது நேரே நெஞ்சில். ஹாஜியார் கதிரையைத் தள்ளி எழும்பிப் போனை எடுத்தார். "டேய் இஷாம்! நிப்பாட்டுடா மில்லை! என்ட ஜுப்பா!"

"ஐயோ ஹாஜியார், நிப்பாட்டக் கூடாது!" மதுரன் பாய்ந்து விழுந்தான். "மில் வழமைபோல ஓடவேணும், இல்லாட்டி அளவு செல்லாது!"

"டேய், நிப்பாட்டாத!" என்றார் ஹாஜியார் போனில், அழுகிற குரலில். "போடு. நல்லா உமி போடு."

பிறகு ஜுப்பாவைக் கொடியிலிருந்து எடுக்கப் போனார். "தொடாதீங்க, அது அளவு" என்றாள் இமெல்டா. குடையை விரித்துப் பிடிக்கப் போனார். "குடை சட்டத்தில இல்ல" என்றான் பிலிப்பு, பெரிய சட்டத்தரணி மாதிரி. கடைசியில் பேப்பரை எடுத்து, வருகிற கரித்துகள் ஒன்றை விசிறினார். அது ஆடி அசைந்து இமெல்டாவின் சட்டைப் பக்கம் போயிற்று. அவள் சுளகை எடுத்து விசிறினாள். துகள் திரும்பி வந்தது. இவர் விசிற, அவள் விசிற, இவர் "உனக்குத்தான் புள்ள" என, அவள் "உங்கட உமி ஹாஜியார், நீங்களே வெச்சிக்கங்க" என, ஒழுங்கைச் சனம் வேலியில் தொங்கிக் கைதட்டியது. துகள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, என்ன நினைத்ததோ, மெசினின் கூரைக்குக் கீழே 'சுர்' என்று புகுந்துவிட்டது.

சுளகும் பேப்பரும் அந்தரத்தில் நின்றன. எல்லாரும் மதுரனைப் பார்த்தார்கள்.

"விசிறி வந்தது கணக்கில சேருமா?" என்று கேட்டார் ஹாஜியார், பயபக்தியோடு.

"ஒண்டுதானே" என்றான் மதுரன், இரண்டு கையையும் விரித்து மெசினுக்குக் காவலாக நின்றபடி. "அதையும் அறிக்கையில எழுதுறன். ஆனா இனி மெசினுக்குக் கிட்ட ஆரும் விசிறப்படாது. சாமி சத்தியமா நான் அழுதிருவன்."

வியாழன் பின்னேரம், ஒரு முழு நாள் முடிந்ததும், தாளைக் கழற்றினான். ஊத்தை முதல் நாளைவிட அழகாக இருந்தது. ஹாஜியார் தாளைப் பார்த்தார். ஜுப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, அளவு எப்ப தெரியும்?"

"நிறுத்துப் பாக்கவேணும். ஒரு கிழமை, ஏழு நாள் ஆகும்."

"என்ட ஜுப்பாவ நிறுக்கத் தேவையில்ல." போனை எடுத்துத் தூசுபிடிப்பான் செய்கிற ஆளுக்கு எண் அழுத்தினார். அழுத்திக்கொண்டே, இமெல்டாவின் பக்கம் பார்க்காமல், "சனிக்கிழமை பொயிலர் கழுவ இருக்கு, மில் ஓடாது. காயப்போடுறதெண்டா அண்டைக்குப் போடு புள்ள" என்றார். பொயிலர் போன கிழமைதான் கழுவியது என்று ஒழுங்கைக்கே தெரியும்.

"ஜுப்பாவ வெச்சிட்டுப் போங்க" என்றாள் இமெல்டா. "வீட்டுக்குள்ளயே காயப்போட்டுத் தாறன், நாளைக்குப் பள்ளிக்கு. உங்களுக்காகத்தான் இந்தப் பாவம்."

மதுரன் தாளை உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள் போட்டு, பெட்டியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்தான். இமெல்டா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்கள் பாவாடையைப் பிசைந்தன.

வேன் புறப்படும்போது ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, நிறுத்து முடிஞ்ச பிறகு அந்தத் தாள் உங்களுக்குத் தேவையில்லத்தானே? இஞ்ச அனுப்பிவிடுங்க. ஒருக்கா அலசி வெச்சிட்டா என்ட மனசு ஆறும்."