பொற்கொடி மடித்த பனியன்கள்

திருப்பூரில் பொற்கொடி மடித்த பனியனை ஸ்பெயினில் யார் பிரித்தாலும், அந்த வீட்டைவிட்டுப் போனவர் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தார். ருமேனியாவில் பிரித்தவரோ மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பினார். 1993-இல் கம்பெனிக்கு வந்த கடிதங்களில், சாயம் போகவில்லை என்ற தகவலோடு இதையும் எழுதியிருந்தார்கள். முதலாளி நஞ்சுண்டன் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். ஆர்டர் நின்றால்தானே அவருக்குக் கவலை.

காரணம் சொன்னவன் அவள் கணவன் ரூபன். பாதிரியார் படிப்பில் மூன்று வருசம் லத்தீன் படித்து, பொற்கொடியைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். அதே கம்பெனியில் பெட்டி கட்டினான். "லத்தீன்ல பிளிக்காரேன்னா மடிக்கிறது அம்மணி. கப்பல்காரன் பாயை மடிச்சா கரை வந்துருச்சுன்னு அர்த்தம். ஸ்பெயின்ல அந்தச் சொல்லே வந்து சேர்றதுன்னு ஆயிப்போச்சு. பட்டாளத்துக்காரன் கூடாரத்தை மடிச்சா கிளம்பறான்னு அர்த்தம். ருமேனியாவுல அதே சொல்லு போறதுன்னு ஆயிப்போச்சு."

"ரண்டுக்கும் நான் ஒரே மாதிரித்தானுங்க மடிக்கிறேன்," என்றாள் அவள்.

தீபாவளிக்குக் கழிவுப் பீஸ்களைத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பது கம்பெனி வழக்கம். தையல் பிசகிய ஒரு நீலப் பனியனை, எந்த நாட்டுச் சரக்கு என்று பார்க்காமல், ஆசையாக அவனுக்கு மடித்து எடுத்து வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அவன் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டான். மறுநாள் விடிந்ததும், "போயிட்டு வாரேன் கண்ணு," என்று பையோடு பஸ் ஏறினான். அது ருமேனியா சரக்கு. தன் கையே தன் புருசனை வழியனுப்பியதை நினைத்து அவள் அழாத நாளில்லை.

ஸ்பெயின் பனியன் ஒன்று வீட்டுக்கு வந்தால் அவன் வருவான். ஆனால் ஸ்பெயின் சரக்கில் ஒரு பீஸ்கூடக் கழியவில்லை. திருட அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஆட்களை வரவைத்துவிட்டு, அவள் மட்டும் தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள். ஐந்து வருசம் இப்படிப் போனது. 1998 தீபாவளிக்கு முன்பு, அதுவரை ஒரு கறைகூடப் படவிடாத பொற்கொடி, மெஷின் எண்ணெயை விரலில் தொட்டு ஒரு ஸ்பெயின் பனியனின் நெஞ்சில் வைத்தாள். செக்கிங் பார்க்கும் சாந்தாமணி கறையைப் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். "இது உங்களுக்குத்தானுங்க அக்கா," என்று கழிவில் போட்டாள்.

பொற்கொடி அதை மடித்துக் கொண்டுபோய் வீட்டில் பிரித்த நான்காம் நாள் ரூபன் வந்தான். நீலப் பனியன் நைந்து வெளுத்திருந்தது. "சோறு இருக்குதா அம்மணி?" என்றான். அவள் சோற்றைப் போட்டாள். அப்புறம் பனியனைக் கழற்றச் சொல்லித் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அது இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. அந்த வீட்டில் இப்போது எதையும் மடிப்பதில்லை. சேலை, போர்வை, கரண்ட் பில் எல்லாம் விரித்தபடியே தொங்குகின்றன. வருகிறவர்கள் குனிந்து உள்ளே போகப் பழகிக்கொண்டார்கள்.